கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு சிவப்பு ஒயின்

வைகை அணையில் தேங்கும் தண்ணீரில் கணிசமான பங்கு வைகையில் பிறந்ததில்லை. மேற்கே அரபிக்கடலுக்குப் போயிருக்க வேண்டிய பெரியாற்று நீர், பொறியாளர் பென்னிகுயிக் கட்டிய அணையில் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே 1895 முதல் கிழக்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. லோயர் கேம்ப்பில் மின்சாரமாகிறது. கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வயலையும் தோப்பையும் கிணற்றின் ஊற்றையும் நனைத்துக்கொண்டு வந்து வைகையில் கலக்கிறது. 1959இல் திறக்கப்பட்ட வைகை அணையில் 71 அடி நின்றால் மதுரைக்காரர்களுக்கு நிம்மதி. அந்தத் தண்ணீர் வருகிற வழியில் செய்துவிட்டு வரும் வேலைகளில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை: கம்பத்துப் பன்னீர் திராட்சை. அதிலிருந்து ஒரு நல்ல, விலை குறைந்த சிவப்பு ஒயின் வருமா என்பது கேள்வி.

கேள்விக்குப் பின்னால் ஒரு சுயநலம் இருப்பதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு விலை குறைந்த சிவப்பு ஒயின் பிடிக்கும். எப்போதாவது, சாப்பாட்டோடு, ஒரு தம்ளர். விலை உயர்ந்ததை வாங்கவில்லையே என்ற ஏக்கம் கிடையாது. அதற்கு அறிவியலே ஆறுதல் சொல்கிறது. 2008இல் கலிபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேன் எந்திரத்துக்குள் படுக்கவைத்து, குழாய் வழியே ஒயின் கொடுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொன்னார்கள். 90 டாலர் என்று கேட்டபோது சுவை அதிகம் என்று சொன்னதோடு நிற்கவில்லை, இன்பத்தை எடைபோடும் மூளைப் பகுதியும் கூடுதலாகவே விழித்தது. அதே ஆண்டு வெளிவந்த வேறொரு ஆய்வு, லேபிளை மறைத்து ருசி பார்த்த 6,000க்கும் மேற்பட்ட மதிப்பெண்களைக் கூட்டிக் கழித்தது. பயிற்சி இல்லாத சாதாரண மனிதர்களுக்கு விலை கூடிய ஒயின் மிக லேசாகக் குறைவாகவே பிடித்திருந்தது. ஆக, விலை என்பது நாக்கில் பாதி, காதில் பாதி.

குடிக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அடுத்த ஆசை வரும். சொந்தமாக நாலு கொடி, ஒரு பந்தல், நம் பழத்தில் நம் ஒயின். உலகமெங்கும் உள்ள நோய்தான் இது. தேனி மாவட்டத்துக்காரர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே வரலாம். பந்தல்கள் கண்ணெதிரே இருக்கின்றன.

வைகைக்கும் ஒயினுக்கும் பழைய உறவும் உண்டு. இந்த ஆறு கடலைத் தொடுகிற இடத்துக்கு அருகே, ராமநாதபுரம் மாவட்டத்து அழகன்குளத்தில், தமிழகத் தொல்லியல் துறையின் அகழாய்வில் ரோமானிய நாட்டு ஆம்போரா ஜாடிகளின் துண்டுகள் கிடைத்தன. மத்தியதரைக் கடல் நாடுகளில் ஒயினையும் எண்ணெயையும் அடைத்து அனுப்பிய இரட்டைக் கைப்பிடி ஜாடிகள் அவை. புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொண்டுவந்த மதுவைப் பருகுகிறவனாகப் பாண்டியன் நன்மாறனை நக்கீரர் பாடுகிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முன்பு மதுரைக்கு இறக்குமதியான சரக்கு. இன்று அந்த ஆற்றின் மேல்முனையில் திராட்சை விளைகிறது, ஆனால் அநேகமாக எல்லாமே சாப்பிடுகிற பழமாகத்தான் லாரி ஏறுகிறது.

முதலில் பழம் யாரென்று பார்ப்போம். பன்னீர் திராட்சையின் உலகப் பெயர் மஸ்கட் ஹாம்பர்க். ராயப்பன்பட்டி, ஆனைமலையன்பட்டி, சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி வட்டாரங்களில் கல்தூண் நட்டுக் கம்பி இழுத்த பந்தல்களில் இதுதான் தொங்குகிறது. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத பச்சைத் திராட்சைக்குப் பேர்போனது, அது வேறு கதை. 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதையொட்டி வந்த செய்திகள் பலவற்றில் ஒரு வரி இருந்தது: 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இந்த ரகத்தைத் தமிழகத்துக்குக் கொண்டுவந்தார்.

இந்த ஆண்டை நான் நம்பவில்லை. மஸ்கட் ஹாம்பர்க் பிறந்ததே 1850ஐ ஒட்டித்தான். இங்கிலாந்தில் பெட்ஃபோர்ட்ஷயரின் ரெஸ்ட் பார்க் மாளிகையில் தோட்டக்காரராக இருந்த சீவார்ட் ஸ்னோ உருவாக்கிய ரகம் அது. அதன் தாய் தந்தை யார் என்பதை 2003இல் இத்தாலியில் நடந்த டிஎன்ஏ ஆய்வு உறுதி செய்தது. ஒரு பக்கம் பிளாக் ஹாம்பர்க், இன்னொரு பக்கம் மஸ்கட் ஆஃப் அலெக்சாண்ட்ரியா. பாதிரியார் ஏதோ ஒரு திராட்சைக் குச்சியைக் கொண்டுவந்திருக்கலாம். அந்தக் காலத்துப் பாதிரிமார்களுக்குப் பூசைக்கு ஒயின் வேண்டும், அதனால் போன இடமெல்லாம் கொடி நட்டார்கள். ஆனால் 1832இல் வந்த குச்சி இன்றைய பன்னீர் ரகமாக இருக்க முடியாது. ரகம் பிறகு வந்திருக்க வேண்டும், அல்லது ஆண்டு தவறாக இருக்க வேண்டும்.

பெற்றோரில் ஒருவரான பிளாக் ஹாம்பர்க்கை லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் இன்றும் பார்க்கலாம். 1768இல் நட்ட ஒற்றைக் கொடி, கண்ணாடிக் கூரையின் அடியில் இன்னமும் காய்க்கிறது. பன்னீர் ரகமும் அப்படிப்பட்ட கண்ணாடிக் கூடாரங்களுக்காகவே வளர்க்கப்பட்டது. குளிர்நாட்டில் நிலக்கரி எரித்துச் சூடாக்கி, சீமான்கள் வீட்டு மேசைக்குப் பழம் பறிப்பதற்காக உருவான செடி, கூரையும் கரியும் தேவைப்படாத ஒரு வெப்பப் பள்ளத்தாக்கில் வந்து செழித்திருக்கிறது. அது சாப்பாட்டு மேசைக்காகப் பிறந்தது, ஒயின் பீப்பாய்க்காக இல்லை என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டும்.

அதன் பெருமை வாசனைதான். மஸ்கட் குடும்பத்துத் திராட்சைகளில் டிஎக்ஸ்எஸ் என்ற மரபணுவில் ஒரு சிறு பிறழ்வு இருக்கிறது. அந்த மரபணு உருவாக்கும் நொதிப்புரதத்தில் ஒரே ஒரு அமினோ அமிலம் மாறிவிட்டது. விளைவு, டெர்ப்பீன் எனப்படும் மணப்பொருள்களை அந்தச் செடி வரம்பில்லாமல் தயாரிக்கிறது. லினலோல், ஜெரானியோல், நெரோல் என்பவை அவற்றில் முக்கியமானவை. ரோஜா இதழிலிருந்து வடிக்கும் பன்னீரிலும் ஜெரானியோலும் நெரோலும் இருக்கின்றன. ரோஜாவில் தூக்கலாக இருக்கும் சிட்ரோனெல்லோல் திராட்சையில் கொஞ்சமாகத்தான் உண்டு. ஆனால் சாறு நொதிக்கும்போது ஈஸ்ட் ஜெரானியோலில் ஒரு பகுதியைச் சிட்ரோனெல்லோலாக மாற்றிவிடுகிறது. மேலும், பழத்தில் இந்த மணப்பொருள்களின் பெரும்பகுதி சர்க்கரை மூலக்கூறோடு ஒட்டிக்கொண்டு வாசனையே இல்லாமல் கிடக்கும். நொதிக்கும்போதும் அதற்குப் பிறகும் அந்தப் பிணைப்பு மெல்ல அவிழும். ஆகவே பன்னீர் திராட்சையில் செய்த ஒயின், பழத்தைக் காட்டிலும் ரோஜாவுக்கு நெருங்கி மணக்க வாய்ப்புண்டு. இது ஒரு பெரிய சொத்து. சிக்கல் மற்ற எல்லாவற்றிலும் இருக்கிறது.

சிக்கலைப் புரிந்துகொள்ளக் கொடியின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிரான்சிலோ இத்தாலியிலோ திராட்சைக் கொடிக்கு ஆண்டுக்கு ஒரு தூக்கம் உண்டு. குளிர்காலத்தில் இலை முழுக்க உதிர்ந்து, மொட்டுகள் மூடிக்கொண்டு, வசந்தத்தில் எழும். வருடத்துக்கு ஒரே விளைச்சல், அதுவும் இலையுதிர் காலத்தில். கம்பம் நிலநடுக்கோட்டிலிருந்து 10 பாகைக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மணி நேரந்தான் வித்தியாசம். உறைபனி கிடையாது. கொடிக்கு உறங்கு என்று சொல்ல ஆளில்லை. விட்டுவிட்டால் நுனி மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும், பின்னால் உள்ள மொட்டுகள் வாய் திறக்காது. நுனி மொட்டு சுரக்கும் ஆக்சின் என்ற ஹார்மோன் கீழே உள்ளவற்றை அடக்கி வைத்திருப்பதே காரணம்.

அந்த அடக்குமுறையை முறிப்பதுதான் கவாத்து. முற்றிய குச்சியில் நான்கு மொட்டு விட்டு மீதியை வெட்டிவிடுவார்கள். பன்னீருக்கு வேளாண் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் அளவும் அதுவே. நுனி போனதும் மொட்டுகள் விழிக்கின்றன. இரண்டு வாரத்துக்குள் தளிர், ஒன்றேகால் மாதத்தில் பூ, ஏறத்தாழ நான்கு மாதத்தில் அறுவடை. வெட்டு முடிந்து கொடி கொஞ்சம் இளைப்பாறியதும் மறுபடி கத்தரி. இங்கே ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் பிஞ்சு, அதற்கடுத்ததில் அறுவடை என்று ஒரே நாளில் பார்க்க முடிவது இதனால்தான். கம்பத்தில் திராட்சைக்குப் பருவத்தைச் சூரியன் தீர்மானிப்பதில்லை, தோட்டக்காரர் தீர்மானிக்கிறார். ஆண்டு முழுக்கப் பன்னீர் திராட்சை கிடைக்கிற இடம் என்ற பெயர் இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்தது இந்தக் கத்தரியால்.

மொட்டுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியமானது. திராட்சையில் பூங்கொத்தும் பற்றுச்சுருளும் ஒரே கருவிலிருந்து பிறக்கின்றன. கொடி கம்பியைப் பற்றிக்கொள்ள நீட்டும் அந்தச் சுருள், நிலைமை வேறாக இருந்திருந்தால் குலையாகியிருக்கும். எது ஆவது என்பதை இரண்டு ஹார்மோன்கள் தமக்குள் முடிவு செய்கின்றன. சைட்டோகைனின் கை ஓங்கினால் பூங்கொத்து, ஜிப்ரலின் கை ஓங்கினால் சுருள். 1970களின் இறுதியில் சிட்னியில் ஸ்ரீனிவாசன், முல்லின்ஸ் என்ற இருவர் வளரும் சுருளின் மீது சைட்டோகைனினைத் தடவி அதையே பூங்கொத்தாக மாற்றிக் காட்டினார்கள். தோட்டக்காரருக்கு இதிலுள்ள பாடம்: அடுத்த விளைச்சலுக்கான குலை இந்த விளைச்சல் வளரும்போதே மொட்டுக்குள் முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் குச்சிக்கு வெயில் படாமல் பந்தல் மேலே இலை அடர்ந்து கிடந்தால், அடுத்த முறை சுருள்தான் மிஞ்சும்.

பந்தல் இந்த ஊர் வெயிலுக்குக் கண்ட நல்ல ஏற்பாடு. இலைக்கூரையின் நிழலில் குலை வெந்துபோகாமல் தொங்குகிறது, ஆள் நிமிர்ந்து நடந்து வேலை பார்க்கலாம், விளைச்சலும் கூடுதல். ஒரு ஹெக்டேரில் ஆண்டுக்கு 30 டன் பன்னீர் என்பது வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் நல்ல மகசூல். சிவப்பு ஒயினுக்குப் பேர்போன பிரெஞ்சு வட்டாரங்களில் பெரும்பாலும் 10 டன்னுக்குள் நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு மேல் விளைந்தால் அந்த ஊர்ப் பெயரை லேபிளில் போடவே விதி அனுமதிக்காது. அங்கே வருடத்துக்கு ஒரு விளைச்சல், இங்கே இரண்டு அல்லது அதற்கு மேல் என்பதைக் கழித்துப் பார்த்தாலும், ஒரு கொடி ஒரே சமயத்தில் சுமக்கும் பாரம் இங்கே அதிகம். இலை தயாரிக்கும் சர்க்கரை ஓர் அளவுதான். குலை கூடினால் பங்கு குறையும்.

இப்போது கணக்கு. சாற்றில் லிட்டருக்கு ஏறத்தாழ 17 கிராம் சர்க்கரை இருந்தால் அது நொதித்து 1 சதவீத ஆல்கஹால் ஆகும். சந்தைக்குப் பறிக்கும் திராட்சையில் சர்க்கரை 16 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், ஒயினில் ஏறத்தாழ 9 சதவீதந்தான் வரும். கடையில் நாம் வாங்கும் சிவப்பு ஒயினின் 12, 13 சதவீதத்துக்கு 20 முதல் 22 சதவீதம் சர்க்கரை வேண்டும். பழத்தைக் கொடியிலேயே இன்னும் இரண்டு வாரம் விட்டால் ஆகாதா என்றால், விடலாம். ஆனால் வியாபாரி காத்திருக்க மாட்டார், மழை வந்தால் பழம் வெடிக்கும், முற்றிய பழம் லாரியில் உதிரும். மாம்பழத்தைப் போலவோ வாழையைப் போலவோ பறித்துப் புகைபோட்டுப் பழுக்கவைக்கவும் முடியாது. திராட்சை பறித்த நிமிடத்தில் அதன் இனிப்பு நின்றுவிடும். எவ்வளவு நாள் வைத்தாலும் வாடுமே தவிரப் பழுக்காது.

சர்க்கரைக் குறையை வெளியிலிருந்து சர்க்கரை சேர்த்துச் சமாளிக்கலாம். நிறத்தை அப்படிச் சேர்க்க முடியாது. கருப்புத் திராட்சையைப் பிதுக்கிப் பாருங்கள், உள்ளே சதை வெளிறித்தான் இருக்கும். சில அபூர்வ ரகங்கள் நீங்கலாக எல்லாத் திராட்சைக்கும் நிறம் தோலில்தான். சிவப்பு ஒயின் என்பது தோலோடு சேர்த்து ஒரு வாரமோ அதற்கு மேலோ ஊறவிட்டு நொதிக்கவைத்தது. ஊறும்போது ஆந்தோசயனின் என்ற நிறமியும் நாக்கைத் துவர்க்கவைக்கும் டானினும் இறங்கும். கருப்புத் திராட்சையை உடனே பிழிந்து தோலை எறிந்துவிட்டால் வெள்ளை ஒயினே வரும்.

நிறமி உருவாவதற்குக் குளிர்ச்சி வேண்டும், குறிப்பாக இரவில். 2007இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கேபர்னே சாவிஞ்ஞோன் திராட்சையை இருவித வெப்பத்தில் வளர்த்துப் பார்த்தார்கள். பகல் உச்சம் 25 பாகையில் வளர்ந்த பழத்தோடு ஒப்பிட்டால், 35 பாகையில் வளர்ந்ததன் தோலில் நிறமி பாதிக்கும் கீழே. உருவாவது குறைவதோடு, உருவானதும் சிதைகிறது. உலகின் அடர்சிவப்பு ஒயின் ரகத்துக்கே இந்தக் கதி என்றால், மேசைப் பழமாகப் பிறந்த பன்னீருக்குக் கேட்க வேண்டாம். அதன் தோலில் டானினும் கம்மி. பார்ப்பதற்குக் கருநீலமாக இருக்கும் பழம், ஒயினாகும்போது ரோஜாச் சிவப்போடு நின்றுவிடும்.

அமிலமும் காலைவாரும். திராட்சையில் டார்டாரிக், மாலிக் என்று இரண்டு அமிலங்கள் முக்கியம். மாலிக் அமிலத்தைப் பழம் தன் சுவாசத்துக்கு எரிபொருளாக எரிக்கிறது, வெப்பம் ஏற ஏற வேகமாக. கோடையில் முற்றவிட்ட பழம் தித்திக்கும், புளிப்பு இருக்காது. புளிப்பில்லாத ஒயின் சப்பென்று இருப்பதோடு, அதைக் கெடுக்கும் கிருமிகளுக்கும் வசதியாகிவிடும்.

ஆக, எப்போது குளிர்ச்சியோ அப்போது பழுக்கவைத்தால் என்ன? கத்தரி நம் கையில்தானே. நாசிக்கில் இதைத்தான் செய்கிறார்கள். செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்து, குளிர்ந்த ஜனவரி இரவுகளில் பழுக்கவைத்து, பிப்ரவரி, மார்ச்சில் ஒயினுக்கு அறுவடை. தென்மேற்குப் பருவமழை முடிந்துவிட்டதால் பூக்கும் நேரத்தில் அங்கே வானம் தெளிவு. கம்பம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. தென்மேற்கு மழை மலைக்கு அந்தப் பக்கமே கொட்டிவிட, ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இங்கே காற்றுதான் வீசும். இங்கே மழை என்றால் அக்டோபர், நவம்பரின் வடகிழக்குப் பருவமழை. நாசிக் நாட்காட்டியை அப்படியே எடுத்தால் கொடி பூக்கிற நாளில் மழை பெய்யும். பூ உதிரும், அடிச்சாம்பல் நோய் இலையின் அடியில் வெள்ளை விரிக்கும். தமிழகத்தின் மழைக்கணக்கும் திராட்சையின் குளிர்க்கணக்கும் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் இடம் இது. மண்ணைப் பற்றியும் ரகத்தைப் பற்றியும் எவ்வளவோ பேசுகிறார்கள். எனக்கென்னவோ கம்பத்து ஒயினின் முடிச்சு இந்த நாட்காட்டியில்தான் விழுந்திருக்கிறது என்று படுகிறது.

அடிச்சாம்பல் என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். போர்டோ என்பது உலகத்துக்கு உயர்ரகச் சிவப்பு ஒயினின் ஊர். கம்பத்துத் தோட்டக்காரருக்கு அது மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த நீலக் கரைசல். இரண்டும் ஒரே ஊர்தான். 1880களில் அங்கே சாலையோரக் கொடிகளில் பழம் திருடுகிறவர்களை அருவருக்க வைக்க இந்தக் கலவையைத் தெளித்திருந்தார்கள். தெளித்த கொடிகளில் மட்டும் நோய் இல்லை என்பதைத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்தே கவனித்தார். 1885இல் போர்டோ கலவை மருந்தாகவே வெளிவந்தது. ஒயின் உலகம் கம்பத்துக்குத் தந்த உருப்படியான கொடை இதுவரைக்கும் அதுதான்.

நொதித்தலைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. சக்கரோமைசிஸ் செரிவிசியே என்ற ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கரியமில வாயுவையும் வெளியே தள்ளுகிறது. உயிருள்ள ஈஸ்ட்தான் இதைச் செய்கிறது என்று லூயி பாஸ்டர் நிலைநாட்டினார், 1866இல் ஒயினைப் பற்றியே ஒரு புத்தகமும் எழுதினார். திராட்சைத் தோலில் காணும் வெண்பூச்சு ஈஸ்ட் என்று பலர் நினைக்கிறார்கள். அது மெழுகு. உடையாத பழத்தோலில் இந்த ஈஸ்ட் அரிதாகத்தான் இருக்கும். அது எங்கிருந்து வருகிறது என்பதற்கு 2012இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு விடை கண்டார்கள்: குளவியின் குடல். பழத்தைக் கடித்த குளவி அதைத் தன் வயிற்றில் சுமந்து, குஞ்சுக்கும் ஊட்டி, அடுத்த பருவத்துக்குக் கொண்டுபோகிறது. ஒயின் குடிக்கிற எவரும் குளவிக்கு ஒரு நன்றி பாக்கி.

சரி, இன்று நமக்கு மலிவாகக் கிடைக்கிற இந்தியச் சிவப்பு எது? கோவாவுக்குப் போனவர்களுக்குத் தெரிந்த போர்ட் ஒயின். போர்ச்சுகல் போர்ட்டுக்கும் இதற்கும் பெயர் தவிரச் சொந்தமில்லை. பெரும்பாலும் பெங்களூர் ப்ளூ திராட்சையில் செய்து, சர்க்கரை தூக்கலாக விட்ட ஒயின். பெங்களூர் ப்ளூவுக்கு அமெரிக்கத் திராட்சை இனத்தின் ரத்தம் உண்டு, திராட்சை மிட்டாய் போன்ற அந்த வாடை அங்கிருந்து வருவது. குறை சொல்லவில்லை, ஐஸ் போட்டுக் குடித்தால் வெயிலுக்கு நன்றாகவே இருக்கும். இதற்கு நேர் எதிரில் கன்வல் குரோவர் நந்தி மலையடியிலும் ராஜீவ் சமந்த் நாசிக்கிலும் பிரெஞ்சு ரகங்களை நட்டு உண்டாக்கிய ஒயின்கள். இவை இரண்டுக்கும் இடைப்பட்ட இடம் காலியாகக் கிடக்கிறது. சர்க்கரைப் பாகாகவும் இல்லாமல், பிரான்சை நகலெடுக்கவும் முயலாமல், இந்த மண்ணின் வாசனையோடு ஒரு சாதாரண ஒயின்.

பன்னீரை வைத்து அந்த இடத்தை நிரப்பிய ஊர்கள் உலகில் இருக்கின்றன. சீனத்தின் தியான்ஜின் நகரத்தில் 1980இல் பிரெஞ்சு நிறுவனமான ரெமி மார்ட்டினோடு கூட்டுச்சேர்ந்து தொடங்கிய டைனஸ்டி ஆலை, இதே மஸ்கட் ஹாம்பர்க்கைப் பிழிந்து தோலை நீக்கி வெள்ளை ஒயின் செய்தது. கிரீஸின் திர்னாவோஸில் இதை ஒயினாகவும் ஆக்குகிறார்கள், வடித்து சிபுரோ என்ற சாராயமாகவும் இறக்குகிறார்கள். கலிபோர்னியாவில் பிளாக் மஸ்கட் என்ற பெயரில் இது உணவுக்குப் பிறகு சின்னக் கோப்பையில் குடிக்கும் இனிப்பு ஒயின். இவர்களில் யாரும் இதிலிருந்து போர்டோவைப் போல் கனத்த சிவப்பை எடுக்க மெனக்கெடவில்லை. பிழைக்கத் தெரிந்தவர்கள்.

நமக்கு மிக நெருங்கிய உதாரணம் பிரேசிலில் இருக்கிறது. சாவோ பிரான்சிஸ்கோ ஆற்றங்கரையில் பெட்ரோலினா வட்டாரம், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 9 பாகையில். கம்பம் வடக்கே இருக்கும் தூரம் கிட்டத்தட்ட அதேதான். அங்கும் அணைத் தண்ணீர், அங்கும் வருடத்தில் இரண்டு விளைச்சல், கத்தரிதான் நாட்காட்டி. அந்த ஊர் பெயர் வாங்கியது மஸ்கட் குடும்பத்துத் திராட்சையில் செய்த, லேசாக இனிக்கும் நுரையொயினால். பழத்தைச் சர்க்கரை குறைவாக, புளிப்பு மிச்சமிருக்கும்போதே பறிப்பது அதற்கு ஒரு குறையில்லை, அதுதான் தேவை. அதே பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில், காபி விளையும் மலைச்சரிவுகளில், சிரா ரகத்தை இரட்டைக் கவாத்து செய்து அறுவடையை மழையில்லாத குளிர்காலத்துக்குத் தள்ளி அடர்சிவப்பு ஒயின் எடுக்கிறார்கள். போடிக்கும் மேகமலைக்கும் அடியில் இருக்கிற நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

இவற்றையெல்லாம் வைத்து நான் வந்திருக்கும் முடிவு: கம்பத்துப் பன்னீரிலிருந்து கனத்த சிவப்பு ஒயினை எதிர்பார்ப்பது வீண். ரோஜா நிறத்தில், 9, 10 சதவீத ஆல்கஹாலோடு, கொஞ்சம் இனிப்பும் கொஞ்சம் நுரையுமாக, குளிரவைத்துக் குடிக்கும் ஒயின் அதன் இயல்பிலேயே இருக்கிறது. ஓக் பீப்பாய் வேண்டாம், வருடக்கணக்கில் பதுக்க வேண்டாம். மஸ்கட் வாசனை நாளாக ஆக மங்கும், லினலோல் மெல்ல மணம் குன்றிய பொருள்களாக மாறிவிடும். செய்த ஆண்டிலேயே குடிப்பதுதான் முறை. பீப்பாயும் காத்திருப்பும் இல்லாததால் விலையும் இறங்கும். தேனி மாவட்டத்தில் கம்பம் வேலி ஒயினரி என்ற ஒயின் ஆலையே உண்டு. பழமும் ஆலையும் ஒரே மாவட்டத்தில் இருப்பது சின்ன விஷயமில்லை. பழம் உடைபடாமல் சில மணி நேரத்துக்குள் ஆலைக்கு வந்துவிடும்.

சொந்தமாக வளர்க்கும் கனவைப் பற்றிக் கடைசியில். வளர்க்கலாம். ஜூன், ஜூலையில் வேர்விட்ட குச்சி நடுவது வழக்கம், வரிசைக்கு 3 மீட்டர், செடிக்கு 2 மீட்டர். தண்ணீர் தேங்காத மண், முழு வெயில், மேலே பந்தல். மொட்டைமாடியில் தொட்டியில் வைத்துக் கவாத்து பழகுகிறவர்களும் உண்டு. பறித்ததை உண்ணலாம், சாறு பிழிந்து குடிக்கலாம், உலர்த்தலாம். ஒயின் மட்டும் ஆகாது. 1937ஆம் ஆண்டின் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டப்படி உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம், வீட்டு உபயோகத்துக்கு என்றாலும். கிறிஸ்துமஸுக்கு ஜாடியில் ஊறப்போடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற கதையையும் நம்பிவிட வேண்டாம். அந்தக் கதையின் நாயகனான ரெஸ்வெரட்ரால் ஒரு லிட்டர் ஒயினில் சில மில்லிகிராம்தான், அதுவும் திராட்சைத் தோலிலேயே இருப்பது. புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு மதுவைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்தது 1988இல். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் மறுபடி சொன்னது. குடிக்கிறவர் ருசிக்காகக் குடிக்கட்டும், மருந்து என்று சொல்லிக்கொண்டு குடிக்க வேண்டாம்.

ஆனைமலையன்பட்டியில் திராட்சைக்கென்றே தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி இருக்கிறது. அவர்களிடம் வாசகன் என்ற முறையில் ஒரு விண்ணப்பம். ஒரு சின்னப் பந்தலை ஒயினுக்கென்று ஒதுக்குங்கள். வடகிழக்கு மழை தணியும் நவம்பர் இறுதியில் கவாத்து செய்து, குலையைப் பாதியாகக் குறைத்து, பிப்ரவரி இரவுகளில் நிறம் ஏறவிட்டுப் பாருங்கள். இன்னொரு பந்தலில் வழக்கம்போல் விடுங்கள். வெட்டுக்கு வெட்டு சர்க்கரை எவ்வளவு, அமிலம் எவ்வளவு, தோலில் நிறமி எவ்வளவு என்ற எண்களைத் தமிழில், மாதவாரியாக வெளியிடுங்கள். ஒயின் ஆலைக்காரருக்கு மட்டுமல்ல, எந்த மாதம் வெட்டிய பழத்துக்கு என்ன விலை கேட்கலாம் என்று வியாபாரியிடம் பேரம் பேசும் விவசாயிக்கும் அந்தப் பட்டியல் கையில் இருக்க வேண்டும்.